பதினோரு எழுத்து

அவருக்கு டிக்ஷனரி என்று பேர் வைத்தவர்கள் லாரிக்காரர்கள். பெரிய படிப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை எழுதப் போகாமல் எடைமேடைக் கேபினில் வந்து உட்கார்ந்த மனிதர். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், இருபத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. லாரி வந்து இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். இவர் கண்ணாடி ஜன்னல் வழியாக நம்பர் பிளேட்டைப் பார்த்து நோட்டில் எழுதி, பொத்தானை அழுத்துவார். எடைச் சீட்டு வெளியே வரும். கிழித்து நீட்டுவார். அடுத்த லாரி ஏறும். ஒரு நாளைக்கு எழுபது லாரி, எண்பது லாரி. இதையே செய்துகொண்டிருந்தால் யாருக்கும் பித்துப் பிடிக்கத்தான் செய்யும். இவருக்குப் பிடித்த பித்து கொஞ்சம் வேறு மாதிரி.

அந்த ஊர் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் முதலில் மூன்று ஆங்கில எழுத்து இருக்கும், பிறகு நான்கு இலக்கம். இலக்கத்தில் இவருக்கு அக்கறை கிடையாது. நோட்டில் எழுதிய கையோடு மறந்துவிடுவார். மூன்று எழுத்து இருக்கிறதே, அதுதான் விஷயம். அந்த மூன்றும் உள்ளே இருக்கிற ஆங்கில வார்த்தை ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வரிசையில் வந்தாலும் சரி, நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை புகுந்தாலும் சரி, வார்த்தை மட்டும் நீளமாக இருக்க வேண்டும். பத்து எழுத்துக்குக் குறைந்தால் அவருக்கு மனசு ஆறாது. லாரி தளத்தை விட்டு இறங்குவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். பிடித்துவிட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பச்சைக் குழந்தை மாதிரி. எடைச் சீட்டு வாங்க வந்த டிரைவர்கள் தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இதற்காகவே பழைய பேப்பர் கடையில் ஒரு ஆங்கில அகராதி வாங்கி வைத்திருந்தார். அட்டை கிடையாது. முதல் பன்னிரண்டு பக்கம் எலிக்குப் போயிருந்தது. ஓரத்தில் அங்கங்கே சின்னச் சின்னக் கோட்டுப் படங்கள். பத்து எழுத்துக்கு மேற்பட்ட வார்த்தைகளின் கீழெல்லாம் நீலப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் எழுத்து எண்ணிக்கையைக் குறித்திருந்தார். அர்த்தத்தை மட்டும் படிக்கவே மாட்டார். உச்சரிக்கவும் தெரியாது. வார்த்தையைச் சொல்லச் சொன்னால் எழுத்து எழுத்தாக ஒப்பிப்பார். அவருடைய தங்கை ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணா, கே-ல ஆரம்பிக்கிற ஒரு வார்த்தையை அடிக்கடி சொல்லுவியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"பதிமூணு எழுத்து" என்றார் இவர்.

அகராதியை வாங்கிவந்த அன்றைக்கே அதைத் தளத்தின்மேல் வைத்து எடை பார்த்தது தங்கையின் கணவன். நாற்பது டன் நிறுக்கிற தளம் அது. எடை காட்டும் பெட்டியில் பூஜ்யம் அசையவில்லை. "மச்சான், உன் படிப்போட வெயிட்டு இவ்வளவுதான்!" என்று அவன் கத்தியதற்கு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

மாப்பிள்ளைக்கு அதே எடைமேடையில்தான் வேலை. இரும்புத் தளத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருக்கும். லாரிச் சக்கரத்தில் ஒட்டிவரும் சேறு அதில் விழுந்து அடைத்துக்கொண்டால் தளம் இறுகிப்போய் எடை தப்பாகக் காட்டும். அதை மண்வெட்டியால் சுரண்டி எடுத்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு, மதில் ஓரம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் நாள் முழுக்க இதே வேலை. அந்தத் தள்ளுவண்டி அவனுக்குப் பிள்ளை மாதிரி. பிடி இரண்டிலும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, சக்கரத்துக்கு வாராவாரம் எண்ணெய் விட்டு, மழை வந்தால் தனக்கு முன்னால் அதைத்தான் கூரைக்குள் தள்ளுவான்.

அவனுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது, தனி எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரியும். ஆனாலும் இந்த விளையாட்டில் அவன்தான் கூட்டாளி. லாரி கேட்டுக்குள் நுழையும்போதே வெளியிலிருந்து குரல் கொடுப்பான். "மச்சான், எஸ், பி, ஜே! புடி பாப்போம்!" இவர் உள்ளிருந்து எழுத்து எழுத்தாக வார்த்தையை ஒப்பிப்பார். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விரலாக மடக்கி எண்ணுவான். பத்து விரல் தாண்டினால் டீ போடுவது அவன். தாண்டாவிட்டால் இவர். பெரும்பாலும் அவன்தான் போட்டான்.

இவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதும் இல்லை. தங்கை வீட்டின் முன் அறைதான் இவர் இருப்பு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, அகராதி. தங்கைக்கும் அவள் கணவனுக்கும் பிள்ளை இல்லை. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் காஜா போடுகிறாள், அதாவது பொத்தான் நுழையும் துளையைச் சுற்றித் தைக்கிற வேலை. ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் சட்டைக் கழுத்தில் இருக்கிற அளவுதான். எஸ், எம், எல், எக்ஸ். அதற்குமேல் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் இருந்ததில்லை. மூன்று பேரும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்றைக்கு எத்தனை வார்த்தை பிடித்தது என்று மாப்பிள்ளை தம்பட்டம் அடிப்பான், என்னமோ அவனே பிடித்த மாதிரி.

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியுமானால் வந்திருக்க மாட்டேன்.

காலையிலிருந்து மழை. மத்தியானம் கொஞ்சம் விட்டது. சாப்பாட்டு நேரம் என்பதால் வளாகத்தில் ஒரு லாரியும் இல்லை, ஆளும் இல்லை. கேபினுக்குள் இவர், வெளியே மாப்பிள்ளை. வழி தவறி வந்த காலி லாரி ஒன்று, பழுப்பு நிறம், திரும்புவதற்கு இடம் தேடி கேட்டுக்குள் நுழைந்தது. கேபின் ஜன்னலுக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் போக ஆரம்பித்தது. மதில் ஓரத்தில் மாப்பிள்ளை குனிந்து சேற்றைக் கொட்டிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். மறுபடி தூறல் பிடித்திருந்த சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை.

லாரி மதிலில் முட்டுகிற சத்தமும் ஓர் அலறலும் ஒன்றாகக் கேட்டன. லாரி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னால் பாய்ந்து, கேட்டைத் தாண்டி, போயே போய்விட்டது. இவர் ஓடினார். மதிலுக்கும் கவிழ்ந்த தள்ளுவண்டிக்கும் நடுவில் மாப்பிள்ளை உட்கார்ந்த மாதிரி கிடந்தான். கண் திறந்திருந்தது. இவர் மடியில் தூக்கிப் போட்டு "மாப்ளே, மாப்ளே" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பாரோ, கணக்கில்லை. உயிர் அதற்கு முன்பே போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து கேபினில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நாளெல்லாம் பொய்யைக் கேட்டுக் கேட்டு முகம் இறுகிப்போனவர்.

"நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க. வண்டி நம்பர் என்ன?"

"எடை போட வரலை சார். நோட்டுல எழுதலை."

"எழுதலைன்னா போகுது. கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார். ஆனா…" இவர் திக்கினார். "இலக்கத்தைக் கவனிக்கலை. எழுத்தைப் பாத்தேன். வார்த்தை கிடைச்சுது. எழுத்து மறந்துடுச்சு."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளையாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சாவு விழுந்த இடத்தில், சட்டையெல்லாம் ரத்தமாக நின்றுகொண்டு, மூன்று எழுத்தை வைத்து நீளமான வார்த்தை தேடும் விளையாட்டைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்யா, நம்பரைக் கேட்டா வார்த்தையைச் சொல்றீரே! சரி, என்ன வார்த்தை அது?"

"டபிள்யூ, எச், இ, இ, எல், பி, ஏ, ஆர், ஆர், ஓ, டபிள்யூ. பதினொரு எழுத்து சார்."

"எனக்கு பதினொண்ணு வேண்டாம். மூணு போதும். மூணு எழுத்தைச் சொல்லு, பழுப்பு லாரியைத் தேடிப் பிடிக்கிறது என் பொறுப்பு." எழுந்தவர் திரும்பி நின்று இன்னொன்று கேட்டார். "ஆள் பின்னாடி நிக்கிறதைப் பாத்தும் சத்தம் போடலையா நீ?"

"லாரி மறைச்சிடுச்சு சார். மாப்ளே அங்க நின்னதே எனக்குத் தெரியாது."

அப்படித்தான் சொன்னார். தங்கையிடமும் அதையேதான் சொன்னார்.

ஈமச் சடங்கெல்லாம் முடிந்தது. எடைமேடைக்காரர்கள் மாப்பிள்ளையின் மழைக்கோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் தள்ளுவண்டியையும் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். நசுங்கிய வண்டியைத் தூக்கிப் போடத் தங்கைக்கு மனசு வரவில்லை. கொல்லையில் சுவரோரம் சாய்த்து வைத்தாள். துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அழுது ஓய்ந்த ஐந்தாம் நாள், அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும் அண்ணா. நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகாம, நாய அடிச்ச மாதிரி அடிச்சுட்டுப் போனானே, அவன் யாருன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த மூணு எழுத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. உன்னால முடியும்."

"முடியும்மா" என்றார். வேறு என்ன சொல்வார்?

எழுத்திலிருந்து வார்த்தைக்குப் போவதில் அவர் புலி. வார்த்தையிலிருந்து எழுத்துக்குத் திரும்பி வருவது அவருக்குப் பழக்கமே இல்லாத பாதை. பதினோரு எழுத்தில் இரண்டு முறை வருவதை ஒன்றாக வைத்தால் எட்டு எழுத்து. எட்டிலிருந்து மூன்றை எடுத்து, வரிசையை மாற்றி மாற்றி எழுதினால் முந்நூற்று முப்பத்தாறு. பொறுமையாக அத்தனையையும் எழுதினார். லாரி ஏறி நிற்கும், சீட்டு நீட்டுவார், குனிந்து எழுதுவார். மாப்பிள்ளையின் இடத்துக்கு வந்த புது ஆள் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு எழுத்தைக் கூவத் தெரியாது. டீயும் போடத் தெரியாது.

முந்நூற்று முப்பத்தாறை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனால் சிரிப்பார். எனவே யோசித்தார். சுலபமான எழுத்தாக இருந்தால் இதைவிட நீளமான வார்த்தை பத்து வந்திருக்கும். பதினோரு எழுத்தோடு நின்றது என்றால் கஷ்டமான எழுத்து இருந்திருக்க வேண்டும். இந்த வார்த்தையில் கஷ்டமான ஜோடி டபிள்யூவும் பியும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் முப்பத்தாறாகக் குறைகிறது. அதிலும் மூன்றாவது எழுத்து ஏ, இ, எல், ஓ என்று எதுவாக இருந்தாலும், அவருடைய செல்ல வார்த்தை, கே-யில் ஆரம்பிக்கிற பதிமூன்று எழுத்து, தானாக நாக்கில் வந்து நின்றிருக்கும். வரவில்லை. ஆகவே மூன்றாவது ஆர் அல்லது எச். பன்னிரண்டே பன்னிரண்டு!

தப்பு சொல்ல முடியாத கணக்கு. பரீட்சையில் இப்படி யோசித்திருந்தால் மனுஷன் எங்கேயோ போயிருப்பார். தங்கை அந்தப் பன்னிரண்டு வரிக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளே கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு வாரத்தில் ஆள் அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு எழுத்து வரிசையில் மூன்றில்தான் லாரிகள் இருந்தன, அவற்றில் பழுப்பு ஒன்றே ஒன்று. ஓட்டுபவரைப் பிடித்துவந்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். ஐம்பது வயசு இருக்கும். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. "நான் இல்லைம்மா, சத்தியமா நான் இல்லைம்மா" என்று தங்கையைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். பொத்தான் தெறித்து விழுந்தது. பெண் போலீஸ் இரண்டு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரிக்க முடிந்தது. டிக்ஷனரி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் லாரிக்குள் இருந்ததா இல்லையா என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

மறுநாள் ஒரு மெக்கானிக் ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த லாரி இரண்டு மாதமாகத் தன் ஷெட்டில் கிடக்கிறது, என்ஜினை இறக்கி வைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தார்கள். சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஐம்பது வயசுக்காரரை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த தங்கை தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பெரியவர் சட்டையைக் கிழிச்சுட்டேன் அண்ணா."

"கணக்கு சரிதான்மா. எங்கேயோ ஒரு இடத்துல…"

"போதும். கணக்கு போதும்."

அதற்கப்புறம் ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இவர் கேபினுக்குப் போனார், வந்தார். நம்பர் பிளேட்டைப் பார்க்கும்போது வார்த்தை தானாக வரும். சீட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். டிரைவர்கள், "என்ன டிக்ஷனரி, சிரிப்பே காணோம்?" என்றார்கள். பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலையில் லாரி தானாக வந்தது. அதன் முதலாளி, பின்பக்கம் ஒரு விளக்கு உடைந்து மாற்றியிருப்பதைப் பார்த்து, டிரைவரைக் குடைந்து உண்மையை வாங்கியிருக்கிறார். நியாயஸ்தர். வண்டியையும் ஆளையும் கொண்டுவந்து ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார். அண்ணனும் தங்கையும் போனபோது லாரி வாசலில் நின்றது. பழுப்பு நிறம். பிளேட்டில் எழுத்து மூன்று. ஜி, ஆர், எச்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து பிளேட்டைக் காட்டினார். "எங்கய்யா, உம்ம பதினொரு எழுத்துல ஜி எங்க இருக்கு?"

இல்லை. எங்கேயும் இல்லை. ஜி, ஆர், எச் என்றால் அவரிடம் ரெடியாக ஒரு வார்த்தை உண்டு. என்-னில் ஆரம்பிக்கும், பதிமூன்று எழுத்து, அயர்ந்து தூங்கும்போது தட்டிக் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு அது வரவில்லை. வேறு ஏதோ வந்திருக்கிறது. இவர் பிளேட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் சின்ன வயசுக்காரன். மீசை கூடச் சரியாக வளரவில்லை. தங்கை எதிரில் போய் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தாள், பார்த்தாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"பின்னாடி கண்ணாடியெல்லாம் மழைத் தண்ணிக்கா. ஒண்ணும் தெரியலை. கேபின்ல ஒருத்தர் இருந்தாரு. என்னையே பாத்துட்டு இருந்தாரு. யாராவது நின்னா கை காட்டுவாருன்னு அவரையே பாத்துட்டு மெதுவா எடுத்தேன். அவரு…" அவன் தலையைத் தூக்கினான். சுவரோரம் நின்ற டிக்ஷனரியைக் கண்டுகொண்டான். "இவருதான்க்கா. இவரு சிரிச்சாரு. சரி, வரலாம்ங்கிறாருன்னு நெனச்சுத்தான் அழுத்தினேன்."

இன்ஸ்பெக்டர் டிக்ஷனரியைப் பார்த்தார். தங்கை பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முன் அறைக்குப் போய், அலமாரியிலிருந்து அகராதியை இரண்டு கையாலும் தூக்கிவந்து கட்டில்மேல் போட்டாள்.

"எதுக்குச் சிரிச்ச?"

"வார்த்தை கெடைச்சுதும்மா. பதினொரு எழுத்து. அந்தச் சந்தோஷத்துல… எனக்கே தெரியாம வர்ற சிரிப்பும்மா அது. உனக்குத் தெரியாததா?"

"அந்த வார்த்தையைக் காட்டு."

"எதுக்கும்மா இப்ப?"

"காட்டு அண்ணா."

அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, டபிள்யூவில் தேடி, நீலக்கோடு போட்ட இடத்தை எடுத்தார். பக்கத்தில் அவர் கையெழுத்தில் பதினொன்று என்று இருந்தது. அவள் குனிந்தாள். எழுத்து அவளுக்கு என்ன தெரியும்? ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு படம் இருந்தது. அதைத்தான் பார்த்தாள். முன்னால் ஒற்றைச் சக்கரம், நடுவில் மண் அள்ளும் தொட்டி, பின்னால் இரண்டு பிடி.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு கொல்லைப்புறக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. சுவரோரம் நசுங்கிய தள்ளுவண்டி தெரிந்தது.

"இது அவரு வண்டி" என்றாள்.

அர்த்தத்தைத்தான் அவர் படித்ததே கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தை நூறு தடவையாவது புரட்டியிருப்பார், படம் கண்ணில் பட்டுப் பட்டு மண்டைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. இப்போது எல்லாம் தெளிவாக வந்தது. லாரி சாய்வாகத்தான் நின்றது. அது எதையும் மறைக்கவில்லை. பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்த முதுகு, கையில் தள்ளுவண்டி, அதை நோக்கி நகரும் லாரி. எல்லாவற்றையும் கண் பார்த்தது. பார்த்ததும் கத்த வேண்டிய நேரத்தில், இருபத்து நான்கு வருஷப் பழக்கம் அதை ஒரு வார்த்தையாக்கிக் கையில் கொடுத்தது. பதினொன்று என்று எண்ணிப் பார்த்துச் சிரித்திருக்கிறார், படுபாவி.

"அவரைப் பாத்துட்டேதான் இருந்திருக்க."

"ஆமா" என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக உண்மையைச் சொன்னார். "பாத்தேன்மா. பாத்துட்டேதான் இருந்தேன்."

அவள் அழுவாள், அடிப்பாள், வீட்டை விட்டுப் போ என்பாள் என்று காத்திருந்தார். எது செய்திருந்தாலும் அவருக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். பிறகு அவள் கணவன் எண்ணுவானே, அதே மாதிரி, ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள்.

"மாப்ளேன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். மா. ப். ளே." மூன்று விரல் மடங்கியிருந்தது. "மூணு எழுத்து. அதுக்குமேல ஒண்ணும் வேண்டியிருந்திருக்காது."

மடக்கிய விரலை விரிக்காமலே எழுந்து உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது, பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அறை வாசலில் வந்து நின்றாள்.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். போட்டுக்கலாம்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை.